ஓவீட் ஷெராமியின் பல்

கடலுக்கடியில் இரும்பு அறுந்துவிட்டதா இல்லையா என்று பல்லால் கேட்டுச் சொல்லக்கூடியவர் எண்ணெய் மேடைகள் நிற்கும் லஃபூர்ஷ் கடற்கரை நெடுகத் தேடினாலும் ஒரே ஒருவர்தான். ஓவீட் ஷெராமி. மேடைக்காலின் அடியில் இரண்டு நண்டுகள் சண்டை போட்டால், மேலே நின்றபடியே எது ஜெயிக்கும் என்று சொல்லிவிடுவாராம். ஒருமுறை கீழே போய்க்கொண்டிருந்த கெளுத்திக்கு வயிறு சரியில்லை என்றும் கண்டுபிடித்தாராம். நண்டுக் கதை சுத்தப் பொய். கெளுத்தி விஷயத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

எண்ணெய் வற்றிப்போன மேடைகளைக் கடலிலிருந்து பிடுங்கி எடுப்பது அவருக்கு இருபத்திரண்டு வருடத் தொழில். மேடையின் கால்கள் உள்ளே கூடான இரும்புக் குழாய்கள். குழாய்க்குள் நீளமான கருவி ஒன்றை இறக்கி, கடல் தரைக்கும் கீழே பதினைந்து அடி ஆழத்தில் நிறுத்தி, மணல் கலந்த தண்ணீரை அசுர வேகத்தில் பீய்ச்ச வேண்டும். அது மெல்லச் சுழன்று உள்ளிருந்தே இரும்பை வெட்டும். மண்ணுக்குள் நடக்கிற வெட்டு யார் கண்ணுக்கும் தெரியாது, சத்தம் மட்டும் குழாய் வழியே ஏறி வரும். இரும்பில் மோதிக்கொண்டிருக்கும்வரை சீறும். இரும்பைத் துளைத்து மண்ணில் பாய்ந்தால் உறுமும். சுற்று முழுவதும் உறுமினால் கால் அறுந்தது. ஓர் இடத்தில் சீறினாலும் அறவில்லை.

அதைக் கேட்க, தண்ணீருக்குள் இறக்கும் மைக் உண்டு. ஓவீட்டிடம் இருந்தது முழ நீளத்தில் ஒரு ஹிக்கரி மரக் குச்சி. ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். மேல்தளத்தில் அத்தனை பேரும் மூச்சை அடக்குவார்கள். குச்சியை எடுத்து, "அறுந்துருச்சு" என்பார். அறுந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அந்த வருடம் ஈஸ்டர் கழிந்ததும் அவருடைய பல்லுக்குக் கேடு வந்தது. மனைவி ஓதீல் கிண்டிய பெக்கான் கொட்டை மிட்டாயைக் கடித்தபோது ஒன்று போனது. பார்த்த மருத்துவர் மிச்சமிருந்தவையும் ஆடுகின்றன என்று எல்லாவற்றையும் பிடுங்கி, மேலும் கீழுமாக ஒரு ஜோடிப் பல்செட்டை மாட்டிவிட்டார். ஊரில் வைத்தியம் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று ஓவீட் வெளியூரான ஹூமாவுக்குப் போய்ப் பெயர் மாற்றிச் சொல்லி வந்திருந்தார்.

"க்ளேபர்கிட்டயாவது சொல்லித் தொலைங்களேன்" என்றாள் ஓதீல். க்ளேபர் என்பவர் பார்ஜின், அதாவது அவர்கள் வேலை செய்யும் தட்டைக் கப்பலின், தலைவர்.

"என்னன்னு சொல்லச் சொல்ற? கேக்குற பல்ல டாக்டரு குப்பைல போட்டுட்டாருன்னா?"

"வேற எப்படிச் சொல்றது?"

ஓவீட் குச்சியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஃபூர்ஷோன் துறைமுகத்திலிருந்து முப்பது மைல் தள்ளி, நாலு கால் மேடை ஒன்று. முதல் இரண்டு கால்களில் மைக் சொன்னதையே ஓவீட்டும் சொன்னார், சிக்கலில்லாமல் அறுந்தன. மூன்றாவது காலில் வெட்டு ஒரு சுற்று முடிந்ததும், மைக்கைப் பார்த்துக்கொள்ளும் வெர்லி ஹெட்போனைக் கழற்றாமலே அவரிடம் வந்தாள். நாற்பது வயதுக்காரி, அந்தப் பார்ஜில் அவளுக்கு அது இரண்டாவது வேலை.

"அண்ணே, எனக்குத் திருப்தியா இல்ல. வடக்குப் பக்கம் லேசாச் சீறுது. இன்னொரு சுத்து போயிரலாம்."

ஓவீட் குச்சியைக் கடித்தார். பல்செட் கடகடவென்று ஆடியது. அவ்வளவுதான். சீறலும் இல்லை, உறுமலும் இல்லை; பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பதுபோல் என்னவோ ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் பத்துப் பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அறுந்துருச்சு" என்றார்.

நாலாவது காலும் அன்றிரவே அறுந்தது. மறுநாள் காலை கிரேன் மேடையைத் தூக்கியது. மூன்று கால்கள் கிளம்பின. ஒன்று கிளம்பவில்லை. பார்ஜ் சாய்ந்தது, இரும்புக் கயிறு ஒன்று அறுந்து தளத்தைச் சாட்டைபோல் விளாசியது. கிரேன்காரர் சமயோசிதமாகச் சுமையை இறக்கியதால் யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் கயிறு விழுந்த இடத்தில் ஒரு நிமிடம் முன்புவரை சமையற்காரர் திபோ நின்று புகைத்துக்கொண்டிருந்தார். இது கதையல்ல.

க்ளேபர் நேராக வெர்லியிடம் வந்தார்.

"மைக்க மாட்டிக்கிட்டு என்னத்தம்மா கேட்டுக்கிட்டிருந்த?"

"இன்னொரு சுத்து போகணும்னு சொன்னேன் சார்."

"யார்கிட்ட?"

"ஓவீட் அண்ணன்கிட்ட."

"சொன்னாளாண்ணே?"

கேள்வி வந்தது. பதிலும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஓவீட்டின் வாயிலிருந்து வந்தது வேறு.

"பம்ப்பு சத்தத்துல… எதுவும் காதுல விழல."

ஒரு கை தூரத்தில் நின்று சொன்னவள் அவள். வெர்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காதுல விழலையா? உங்களுக்குத்தான் காதே தேவையில்லையேண்ணே. பல்லுலயும் விழலையா?"

அவளுக்கு எதுவும் தெரியாது. ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனாலும் ஓவீட்டுக்கு முகம் காதுவரை எரிந்தது.

"மூணு மணிப் படகுல கரைக்குப் போயிரும்மா. ஆபீஸ்ல பேசிக்குவாங்க" என்றார் க்ளேபர். போனால் இனி எந்தப் பார்ஜும் அவளை ஏற்றாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் இறால் கம்போ, கெட்டிக் குழம்பு. திபோ பரிமாறிக்கொண்டே பேசினார்.

"நான் அன்னிக்கே சொன்னேன், மெஷினு மெஷினுதான். பேட்டரி போச்சுன்னா போச்சு. சாமி குடுத்த பல்லு அப்படியா? பொய் சொல்லுமா? என்னண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓவீட் ரொட்டியைக் கடித்தார். கீழ்ப்பல்செட் ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு வரப்பார்த்தது. நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சாவிலிருந்து ஒரு நிமிடத்தில் தப்பிய மனிதன், தன்னைக் கொல்லப் பார்த்தவனுக்கே இரண்டாவது கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தான். ஓவீட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

மூன்று மணிக்கு வெர்லி பையோடு படகு ஏணியருகே நின்றாள். ஓவீட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், க்ளேபரின் முன்னால் நின்று, வாய்க்குள் கைவிட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி அவர் கையில் வைத்தார். ஈரத்தோடு.

"என்னண்ணே இது?"

"இதான் கேட்டுச்சு" என்றார் ஓவீட். பல்லில்லாத வாயில் சொற்கள் கொழகொழவென்று வந்தன. "அவ சொன்னா. நல்லாவே காதுல விழுந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல, கேட்ட மாதிரி சொன்னேன். காலைல சொன்னதும் பொய்."

முதலில் சிரித்தது திபோதான். அப்புறம் எல்லோரும். ஆறு வாரமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒளிந்தாரோ அந்தச் சிரிப்பு, ஒரு தும்மல் நேரம்கூட நீடிக்கவில்லை. கயிறு விளாசிய இடம் திபோவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து கையோடு வந்த கரண்டியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு வந்த அமைதிக்கு ஓவீட் பயந்து பழகியிருக்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள் வெர்லி.

"நேத்து பல்லு இல்லியேன்னுதாம்மா வெக்கம்."

அவள் பையை வாங்கித் தளத்திலேயே வைத்தார்.

படகு யாரையும் ஏற்றாமல் திரும்பியது. க்ளேபர் பற்களை ஒரு துணியில் சுற்றி அவரிடம் கொடுத்து, "ஆபீஸ்ல நீங்கதாண்ணே பேசணும்" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம் என்று ஓவீட்டுக்குத் தோன்றியது.

அன்று மாலை வெயிலிலேயே மூன்றாவது காலில் கருவியை மறுபடி இறக்கினார்கள். வெர்லி கேட்டபடி நின்றாள். பாதிச் சுற்றில் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"கேளுங்கண்ணே."

வாங்காமல் இருக்க முடியவில்லை. காதில் வைத்தார். வடக்குப் பக்கத்தில் சீறல், ஊசி முனைபோல் தெளிவாக. கொஞ்ச நேரத்தில் அது கம்மி, உடைந்து, உறுமலாக மாறியது. பல்லில் கேட்டதைவிட நன்றாகவே கேட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பேட்டரிப் பொட்டி என்று கேலி பேசிய சாமான்.

தளத்தில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் அவர் வாயைப் பார்த்தார்கள்.

ஓவீட் ஹெட்போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே சொல்லும்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.