சிவப்புக் குறிக்குக் கீழே

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வாசலில் நிற்கும் வாகை மரம் இலை உதிர்த்து மெலிந்ததும், அதை வெட்டச் சொல்லி தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு சிவப்புப் பெயின்டில் குறி போட்டார்.

அன்று பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார் டிக்கோயாவில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. எதையும் கறை படிந்த கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. குறிக்குக் கீழே பட்டையைக் கீறினார், உள்ளே பச்சை.

“அடிமரத்த ஒட்டி சிமெந்து போட்டது யாருங்க?”

“நான்தாங்க. மழைக்கு வீட்டுக்குள்ள சேறு வருதுனு.”

“மரம் சாகல. வேர்தான் மூச்சடைச்சுக் கெடக்கு. அலவாங்கு எடுங்க.”

“கண்டாக்கையாகிட்ட கேட்டுட்டு…”

“சிமெந்து போடறப்ப கேட்டீங்களா?”

அவரே அந்த இரும்புக் கம்பியால் சிமெந்தை உடைத்துவிட்டுப் போனார். மறுநாள் மரம் வெட்ட வந்த ஆட்களுக்கு நான் பட்டையைக் கீறிக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.

இப்போது மழை பெய்தால் சேறு வீட்டுக்குள் வருகிறது. வரட்டும்.