நடுச் சக்கரத்துக்கு நான் வைத்த விளிம்பு

1. விழுந்தது

என் நீராவி எஞ்சின் முதல்முதல் ஓடிய தூரம், கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுப் பின்வாசலிலிருந்து பலாமரம் வரைதான். அங்கே நான் போட்ட குட்டித் தண்டவாளம் மரத்தைச் சுற்றி வளைகிறது. வளைவில் ஏறியதும் சக்கரம் துள்ளி, ஆறடி எஞ்சின் அப்படியே சரிந்து, என் மனைவி செல்லம்மா கறி வாசத்துக்கு வளர்க்கும் ரம்பைச் செடிக்குள் மூக்கைக் குத்தியது.

"ரம்ப பறிக்கத்தான் இவ்வளவு அவசரமா போச்சாங்க?" என்றாள் செல்லம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் சிவபாதம் ஐயா நின்றிருந்தார். கண்டி ரயில் பாதையில் நீராவி எஞ்சின் ஓட்டியவர். டீசல் வந்தபிறகு நீராவி திறக்கும் கைப்பிடியைத் தொடாமலே பென்ஷன் போனவர். மகளோடு இருக்க மறுநாள் காலை யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறுகிறார். இனித் திரும்பி வரமாட்டார். "போறதுக்கு முன்னம் ஒருக்கா ஓட்டிப் பார்க்கவேணும், பாஸ்" என்று கேட்டிருந்தார். கைவேலைக்காரனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும், "ஒங்களத்தான் ஒக்கார வைக்கிறேங்க ஐயா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

2. செய்த விதம்

இந்த எஞ்சினைப் பற்றி நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹேவாஹெட்டையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எண்ணெய்க் குவளை தூக்கி, ஃபிட்டராகி, பிறகு கண்டியில் சொந்தமாக லேத் பட்டறை போட்டேன். பட்டறையைப் பிள்ளைகளிடம் விட்டதும், ஒரு லேத்தை வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன்.

கழித்துப்போட்ட மலைப்பாதை எஞ்சின் ஒன்றை, அனுமதி வாங்கி, நாடா பிடித்து அங்கம் அங்கமாக அளந்தேன். ஒன்பதில் ஒரு பங்கு அளவு. தேயிலை உருட்டும் பழைய ரோலரின் வார்ப்பிரும்பு சக்கரமானது. ரோலர் மேசையின் பித்தளைச் சட்டங்களை உருக்கி வால்வும் விசிலும் வார்த்தேன். பொய்லர் செம்பு, ஒரு சொட்டுக் கசியவில்லை. வேலை முடியும்வரை ஐயாவுக்குக்கூட, மேலே மூடிய சாக்கை விலக்கிக் காட்டவில்லை. அரைகுறை வேலையைக் காட்டும் பழக்கம் எனக்கில்லை.

3. நடுச்சோடி

தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டினேன். விழுந்தது. தண்டவாளத்தைத் தட்டிச் சரிசெய்தேன். அதே இடத்தில் விழுந்தது.

"பலாமரத்த வெட்டிட்டு நேரா ஓட விடுங்க" என்றாள் செல்லம்மா.

ஐயா மெல்ல முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்தார். "பாஸ், நடுச்சோடிச் சக்கரத்துக்கு ஆர் விளிம்பு வைச்சது?" சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் உள்பக்கம் இறங்கிப் பிடிக்கும் வட்டத்தைத்தான் விளிம்பு என்றார்.

"நான்தாங்க. பழைய எஞ்சின்ல தேஞ்சு மொட்டையா கெடந்துச்சு. திருத்தி வச்சேன்."

தொழிற்சாலையில் தேய்ந்ததைக் கண்டால் புதிதாக்கி மாட்டிவிடுவோம். ஃபிட்டரின் கை அப்படி.

அவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். "அது தேயேல்லை. செய்யேக்கையே மொட்டையாத்தான் செய்தவங்கள். மூண்டு சோடியும் நேரா நிக்குது, தண்டவாளம் வளையுது. நடுச்சக்கரத்துக்கும் விளிம்பு இருந்தா அது எங்கை விலகுறது? இதோடை கடுகண்ணாவை மலை ஏத்தத்துக்குப் போயிருந்தா, என்னைப் பள்ளத்துக்குள்ளைதான் தேடியிருப்பினம்!"

என் வேலையில் இன்னொருவர் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்குக் கோபமே வரவில்லை. எங்கே விளிம்பு வைக்கக்கூடாது என்று தெரிந்து ஒருவன் அதைச் செய்திருக்கிறானே, அவன் எப்பேர்ப்பட்ட பாஸாக இருந்திருப்பான்!

"விடுங்கோ பாஸ். கண்ணாலை கண்டதே எனக்குப் போதும்" என்றார் ஐயா.

"ஒங்களுக்குப் போதும்ங்க. எனக்குப் போதாது. கதிரையில ஒக்காருங்க."

நெருப்பை வாரிக் கொட்டினேன். பொய்லர் ஆறியதும், சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தூக்கி, நடுச்சோடியைக் கழற்றி லேத்தில் ஏற்றினேன். மினுமினுக்கத் தேய்த்து வைத்திருந்த விளிம்பு கறுப்புத் தூளாக உதிர்ந்தது. செல்லம்மா ஐயாவுக்குச் சோறு போட்டாள். நான் லேத்தை விட்டு நகரவில்லை.

வெயில் சாயுமுன் நீராவி ஏறிவிட்டது. எஞ்சினுக்குப் பின்னால் கோத்த தள்ளுவண்டியில் ஐயா உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டார். நான் நீராவியைத் திறந்தபோது உதறிக்கொண்டு கிளம்பிய எஞ்சின், அவர் கைக்கு வழுக்கிக்கொண்டு போனது. செல்லம்மா ரம்பைச் செடிக்கு முன்னால் கையை விரித்துக் காவல் நின்றாள்.

வளைவு வந்தது. ஐயா உடம்பை ஒருபக்கம் சாய்த்துத் தலையை வெளியே நீட்டினார். எஞ்சின் அவர் முழங்கால் உயரம்தான். எட்டிப் பார்க்க அங்கே ஜன்னலும் இல்லை, மறைப்பும் இல்லை. ஆனாலும் எட்டிப் பார்த்தார். விசிலை இழுத்தார். எஞ்சின் பலாமரத்தைச் சுற்றித் திரும்பி வந்தது.

"தண்ணி கொறையுதுங்க ஐயா" என்றேன்.

"கண்டனான் பாஸ். இன்னும் ஒரு சுத்துக்குப் போதும்" என்று சொல்லி, நிற்காமலே போய்விட்டார்.

இளம் ஃபிட்டர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய பொருளில் குறை தெரிந்தால், செய்தவன் வேண்டுமென்றே விட்டதா என்று கேட்டுவிட்டு அரத்தை எடுங்கள். ஓட்டியவனைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும். கண்டியில் அப்படி ஒரு எஞ்சினை என்னைத் தவிர யாரும் செய்திருக்க முடியாது. அதை அப்படி ஓட்ட எனக்கே இன்றுவரை வரவில்லை.