கயிற்றுக்கு இந்தப் பக்கம்

இங்கே பஸ்ஸில் இடம் பிடிக்க ஆள் ஏற வேண்டியதில்லை, துண்டு ஏறினால் போதும். வந்த முதல் வாரம், வாலாஜாபாத்தில் நின்றிருந்த உத்திரமேரூர் பஸ்ஸுக்குள் சன்னல் வழியாக ஒரு துண்டு வந்து விழுந்தது. யாரோ தவற விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, எடுத்து மடித்துக் கண்டக்டரிடம் ஒப்படைத்தேன். துண்டுக்காரர் முண்டியடித்து ஏறி வந்தபோது அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "இன்னாபா, ஊருக்குப் புதுசா நீ?" என்று என்னைக் கேட்டார். புதுசுதான். என் பாட்டனார் இந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிலோனுக்குப் போனவர் என்று எங்கள் காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்களைக் கப்பலேற்றினார்கள். அங்கே நாற்பது வருஷம் இந்தியாக்காரனாக இருந்தேன். இங்கே வந்த நாலு மாதத்தில் சிலோன்காரன் ஆகிவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து மலையில் இன்னும் இருக்கிற உங்களுக்கு வரிசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் கங்காணி பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசை, கொழுந்து நிறுக்க வரிசை, அரிசிக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. குடியிருந்த லயமே வரிசையாகக் கட்டிய அறைகள்தானே. நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஐந்தாவதாகப் போய் நின்றுவிடுவோம், எதற்கென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வியாதி கிடையாது. கும்பலாக நின்று, குரல் கொடுத்து, கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஐப்பசி மழையில் செய்யாற்றங்கரைக் குடிசைகள் பல போய்விட்டன. வீடிழந்தவர்களுக்காகப் பள்ளிக்கூட மைதானத்தில் மெட்ராஸ் மெல்லிசைக் குழு ஒன்றின் கச்சேரி. டிக்கெட் இல்லை, வீட்டுக்கு ஒரு துணி கொண்டுவந்தால் போதும் என்று ஜட்காவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் அரிசி ஆலையில் நெல் அவித்துவிட்டு வந்தபோது, என் மனைவி ராசம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அட்டன் டவுன் கடையில் வாங்கிய நீலச் சேலை. தோட்டத்தில் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் எடுத்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பழசு ஒன்னக் குடுத்தாப் பத்தாதா, புள்ள?" என்றேன்.

"கட்டுனதக் குடுத்தா அது கழிச்சுப் போட்டதுங்க. மண்டபம் கேம்புல எறங்குன நாளுலேருந்து தட்டு, பாய், போர்வைன்னு வாங்கிக்கிட்டேதான இருக்கோம். ஒரு தடவையாச்சும் நாம குடுக்கணும்."

மைதானத்தில் ஒரு பக்கம் மூங்கில் தடுப்பருகே ஒரே நெரிசல். மறுபக்கம் சத்தமில்லாமல் ஒரு நீண்ட வரிசை. நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அந்த வரிசையின் வாலில் போய் நின்றோம். கொடுக்கிறவர்கள் நெரிசலில் இருக்கிறார்கள், வாங்குகிறவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள் என்பது மேஜைக்கு முன்னால் போன பிறகுதான் தெரிந்தது. மேஜையில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். சிலோனிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும், "அடப் பாவமே! லிஸ்ட்ல இல்லாட்டி இன்னா, எய்திக்கோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, ஒரு வேட்டியை என் கையிலும் ஒரு சேலையை ராசம்மா கையிலும் வைத்துவிட்டார்.

ராசம்மா தன் நீலச் சேலையை நீட்டினாள். "இதுங்க..."

"மாத்தித் தர்றதெல்லாம் கெடையாதும்மா. தானமா குட்த்த மாட்ட பல்லப் புட்ச்சிப் பாக்கக் கூடாது."

"இல்லீங்க, இது எங்க சேலைங்க."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். புத்தம் புதுசு. "முன்னாடியே ஒண்ணு வாங்கிக்கினியா? ரெண்டாந்தபா வந்து நிக்கிறியா நீ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோட்டத்துத் துரைக்கு முன்னால்கூட அப்படிக் கூசியதில்லை. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவரே மனமிரங்கி, "சரி போ, கஷ்டப்பட்டு வந்துக்கிறீங்க" என்று இரண்டு சேலைகளையும் அவளிடமே தந்துவிட்டார். திருட்டுப் பட்டத்தைவிட அந்த இரக்கம்தான் எனக்கு அதிகமாக வலித்தது. ஒரு தொண்டர் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய், மேடைக்கு இடப்பக்கம் கயிறு கட்டியிருந்த இடத்தில் தரையில் உட்கார வைத்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் துணி கொடுத்தவர்கள், நாற்காலிகளில்.

கச்சேரி நன்றாகத்தான் இருந்தது. கிட்டார் வாசித்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் விசில் பறந்தது. ராசம்மா மேடையைப் பார்க்கவில்லை. வரிசையில் எங்களுக்கு அடுத்து கைக்குழந்தையோடு நின்ற பெண்தான் இங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வேட்டி.

"பொடவ முட்ஞ்சிப் போச்சின்னு இத்தக் குட்த்தாங்க" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "எங்க வூட்டுக்காரு செத்து ஆறு மாசம் ஆவுது. வேட்டிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

முடிந்துபோன சேலைகளில் கடைசிச் சேலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ராசம்மாவுக்கும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் இரண்டு சேலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீலச் சேலையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"உனுக்கு வோணாமாக்கா?"

"எனக்கு அவுங்க குடுத்துட்டாங்க" என்றாள் ராசம்மா. நாலு மாதத்தில், வாங்கியதை அவள் வாய்விட்டு ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வெயில் தாழ்ந்த நேரம் பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "உதவி பெற்ற சொந்தங்கள் அனைவரும் தயவுசெய்து எழுந்து நிற்கவும். உதவி செய்த நல்ல உள்ளங்கள் கை தட்டவும்!" எங்கள் பக்கம் ஒவ்வொருவராக எழுந்தார்கள், தலை குனிந்தபடி. நானும் எழுந்தேன், கையில் வேட்டியோடு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது.

ராசம்மா கடைசியாக எழுந்தாள். மேஜையில் தனக்குக் கொடுத்த சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்படி நின்றபடியே அவளும் கை தட்டினாள். நாற்காலியில் இரண்டொருவர் அவளைக் காட்டிச் சிரித்தார்கள். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.