அம்மாவுக்கு எதுவும் இல்லாத பார்சல்

இரண்டு வருடங்களுக்கு முன், தூத்துக்குடியில் மாதா கோயில் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஆண்கள் கப்பலில் இருப்பவர்கள். திருவிழாவுக்கு லீவு கிடைத்தவர் ஊருக்கு வருவார்; கிடைக்காதவர், வருகிறவர் கையில் ஒரு பார்சல் கொடுத்தனுப்புவார். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, "ஒங்க வீட்டுக்காரர் கூட கப்பல்ல இருந்தேன்" என்று பையை நீட்டினால், உட்கார வைத்துக் காபி கொடுப்போமே தவிர, யார் எவர் என்று கேட்க மாட்டோம். கேட்டால் மரியாதைக் குறைவு. அதனால் எங்கள் பிள்ளைகள் கையில் சென்ட், சாக்லேட், ஹெட்போன் என்று எது புதிதாக இருந்தாலும் எங்களுக்கு உறுத்தாது.

அக்கா வீடு அடுத்த தெரு. அத்தானும் கப்பல்தான். அவர்களுடைய மூத்த மகள் அப்போது பிளஸ் ஒன். பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். ஒரு நாள் புது வாட்ச் கட்டிக்கொண்டு வந்து, "அப்பா கப்பல் அங்கிள் கொடுத்தாங்க சித்தி" என்றாள். அதற்கு முன்னால் ஹெட்போன் வந்ததும் அப்படித்தான். நன்றாயிருக்கிறது என்று நானும் சொன்னேன்.

மறுநாள் காலை மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஏதோ இடித்தது. சரி, அக்காவுக்கு என்ன வந்தது? அத்தான் பார்சல் என்றால் முதலில் அக்காவின் முட்டுவலிக்குத் தைலம் இருக்கும். அப்புறம் சோப்பு, சின்னவனுக்குப் பொம்மை, எனக்குக்கூட ஒரு டப்பா பால்பவுடர். மற்றவர்களை விட்டுவிட்டு மகளுக்கு மட்டும் இரண்டு தடவை அனுப்புகிற ஆள் இல்லை அவர்.

கையைக் கழுவிவிட்டு நேரே அக்காவிடம் போனேன். "அவ கையில கொடுத்து விட்டிருக்காக போல. கப்பல்லருந்து அவுக பேசுறதே ரெண்டு நிமிசம், அதுல இதையா கேப்பேன்?" என்றாள். கூடவே, "இப்பல்லாம் கோயில் பாட்டுக் குழுவுக்குக்கூடப் போறதில்ல. எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா. வயசுக் கோளாறு" என்று சலித்துக்கொண்டாள்.

அவள் சொன்ன பிறகுதான் நானும் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. போன் சத்தம் கேட்டால் பிள்ளை சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போவாள். திரும்பி வந்தால் சோறு இறங்காது. காதல் கீதல் என்றால் முகத்தில் ஒரு சிரிப்பாவது ஒட்டியிருக்கும். இவள் முகத்தில் இருந்தது பயம்.

அன்று சாயங்காலம் வந்தாள். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். 'எவன்ட்டளா வாங்குன?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போன் அடித்ததும் அவள் அதை மடிக்குள் ஒளிப்பதைப் பார்த்து அப்படியே விழுங்கினேன். தலை வாரிவிடுகிறேன் வா என்று முன்னால் உட்கார வைத்துக்கொண்டேன்.

"ஏளா, நீ எதச் சொன்னாலும் சித்தி ஒன்னைய ஏச மாட்டேன். அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். ஒன்னைய யாரும் மிரட்டுதானா? அத மட்டும் சொல்லு."

தோள் குலுங்க அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா கப்பலின் பெயரைப் பெருமையாகப் படத்தோடு, எல்லோரும் பார்க்கிற மாதிரி போனில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து ஒருவன், ஒங்க அப்பாகூட வேலை பார்த்தவன், அண்ணன் மாதிரி நினைச்சுக்கோ என்று பேச ஆரம்பித்திருக்கிறான். அப்பா ஊரில் இல்லாத பிள்ளையிடம் தினமும் 'சாப்பிட்டியா' என்று கேட்டிருக்கிறான். பொருள்கள் டியூஷன் சென்டருக்குக் கூரியரில் வந்திருக்கின்றன. வீட்டில் என்ன பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவனே. பிறகு அனுப்பக் கூடாத படங்களைக் கேட்டிருக்கிறான். மாட்டேன் என்றதும், வெளியே சொன்னால் அப்பா வேலை போய்விடும் என்று மிரட்டல். சனிக்கிழமை தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் இதோடு விட்டுவிடுவதாகச் சொன்னானாம். பாவி மகள், அப்பா வேலையைக் காப்பாற்றப் போவதென்றே முடிவு செய்திருந்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை.

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் அழிக்கப் போனாள். ஒன்றையும் அழிக்காதே என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பொம்பளப் பிள்ள பேரு கெட்டுருமே, போலீசெல்லாம் வேண்டாம்ளா" என்றாள். "பேரு கெடணும்னா அவன் பேரு கெடட்டும். நம்ம பிள்ள என்ன செஞ்சா?" என்று அவளிடம் மட்டும் என் வாயைக் காட்டினேன்.

விடிந்ததும் மூன்று பேரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா யூனிஃபார்ம் இல்லாமல் சாதாரணச் சேலையில் இருந்தார். பிள்ளையைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "தப்பு ஒன் பேர்ல இல்லம்மா. வந்து சொன்னியே, அதுவே பெரிசு" என்றார். நானும் அக்காவும் அழுதுவிட்டோம்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் எங்கள் பிள்ளைக்காகக் காத்திருந்தவனைப் போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். கப்பலில் காலே வைக்காதவன் அவன். இவளைப் போல இன்னும் சில பிள்ளைகளிடமும் பேசிக்கொண்டிருந்தானாம்.

அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு நடுக்கம். சொன்னோம். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவளச் சாப்பிடச் சொல்லு. அடுத்த துறைமுகத்துல எறங்கி வாரேன்" என்றார். சொன்னபடி வந்தார்.

இப்போது அவள் வெளியூரில் கல்லூரி படிக்கிறாள். போன மாதம் விடுதியிலிருந்து பேசும்போது, பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு நீங்க ஏசியிருந்தீங்கன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன் சித்தி. சனிக்கிழம போயிருப்பேன்" என்றாள்.

ஒரு பிள்ளை வாய் திறக்க வேண்டுமென்றால் முதலில் நாம் வாயை அடக்க வேண்டியிருக்கிறது. அன்று அந்த ஒரு வார்த்தை என்னை மீறி வெளியே விழுந்திருந்தால் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.