பெரியம்மா நடிகரைப் பார்க்கப் போனது

நடிகர்கள் மேல் பைத்தியமாக அலைகிறவர்களைத் திட்டுவதில் என் பெரியம்மாவை மிஞ்ச அந்தக் காலத்துச் சின்னாளப்பட்டியில் ஆள் கிடையாது. சாயம் பூசிய மூஞ்சிக்குச் சூடம் காட்டுகிற பயல்கள், பெற்ற தகப்பன் செத்தால்கூட இப்படி அழ மாட்டார்கள் என்பாள். கை சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். வாய் எங்கள் மாமாவை வறுத்தெடுத்துக்கொண்டிருக்கும். இப்போது எங்கள் தெருமுனையில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கும் அதே வசவுதான் வாயில் வருகிறது. பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

மாமா என்றால் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் கடைசித் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. கலியாணமான சுருக்கில் தாலியறுத்துத் திரும்பி வந்த பெரியம்மாதான் அவரை எடுத்து வளர்த்தாள். அவளுக்கு வேறு பிள்ளையும் இல்லை, வேறு பேச்சும் இல்லை. மாமா தறியில் உட்கார்ந்தால் நெசவைவிடப் பாட்டுத்தான் அதிகம் நடக்கும். நன்றாகவே பாடுவார். அந்த நடிகருக்கு ரசிகர் மன்றம் வைத்தவர்களில் அவரும் ஒருவர். நடிகரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்றைக்கும் அதைச் சொன்னால் சண்டைக்கு வர எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. மாமாவுக்கு முடி வெட்டுவது அவர் மாதிரி, நடப்பது அவர் மாதிரி. செம்பைத் தூக்கித் தண்ணீர் குடிப்பதுகூட அவர் மாதிரிதான்.

அந்த நடிகர் திண்டுக்கல்லில் ஒரு புதுத் தியேட்டரைத் திறந்துவைக்க வருவதாகச் செய்தி வந்தது. மாமா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு மாலை போடுவது, அடுத்த நாளே மெட்ராசுக்கு ரயிலேறுவது, அவர் வீட்டு வாசலில் கிடந்தாவது அவரிடம் சேர்ந்துவிடுவது. தகரப் பெட்டியில் துணிமணிகளும் ஏறிவிட்டன. பெரியம்மா திட்டினாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சம்பாதித்துப் பணம் அனுப்புகிறேன் என்றார். அதற்கும் சேர்த்து அழுதாள். பிறகு ஒருநாள் காலையில் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்:

"நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்கான்ல? அவன் சாமி வாயாலேயே சொல்ல வைக்கிறேன் பாரு."

தியேட்டர் திறக்கிற அன்றைக்கு ஊர் முழுக்கத் திண்டுக்கல்லுக்குப் போனது. பெரியம்மா சின்னப் பிள்ளையான என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தாள். திண்டுக்கல்லில் அந்தக் கூட்டத்துக்குள் எறும்பு நுழைய முடியாது, ஆனால் மதுரையிலிருந்து வருகிற கார் ஊருக்கு வெளியே இருக்கும் ரயில்வே கேட்டைத் தாண்டித்தானே போக வேண்டும் என்பது அவள் கணக்கு. மன்றத்து மூளைகள் ஒன்றுக்கும் இது தோன்றவில்லை. கேட்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். மதியப் பாசஞ்சர் வருகிற நேரத்தில் தூரத்தில் கார் தெரிந்ததும் பெரியம்மா அவரிடம் போனாள்.

"செத்த முன்னாடியே கேட்டைப் போட்டா ரயிலு கோவிச்சுக்குமாய்யா?"

கேட்காரர் போட்டுவிட்டார்.

பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதென்று அவள் ஒரு சுங்குடித் துண்டு கொண்டுவந்திருந்தாள். எங்கள் ஊரில் நல்ல சுங்குடியை முடிச்சு அவிழ்க்காமல்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிந்து சாயம் ஏற்றியது என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால் துண்டு சுருங்கிச் சுருங்கி, கையடக்கமான ஒரு கந்தல் போல இருக்கும். கேட்டில் வந்து நின்ற காரின் கண்ணாடிகள் ஏற்றிவிடப்பட்டிருந்தன. பின்னால் நடிகர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பெரியம்மாவையும் கையிலிருந்ததையும் பார்த்து, பிச்சைக்காரி என்றே நினைத்துவிட்டார். சில்லறை இல்லை, தள்ளிப் போ என்று கைகாட்டினார்.

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். ஒரு முனையை என்னிடம் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொன்னாள். மறுமுனையைப் பிடித்துச் சுண்டி ஒரே இழுப்பு. முடிச்சுகள் படபடவென்று தெறித்து, காரின் கண்ணாடிக்கு நேராகத் துண்டு விரிந்துகொண்டது. கருஞ்சிவப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நடிகர் விழித்துவிட்டார். கண்ணாடியை இறக்கித் துண்டைத் தொட்டுப் பார்த்தார். படத்தில் பார்த்ததைவிட வயதானவராக இருந்தார்.

ஊரே தெய்வம் என்கிற அந்த மனிதரைப் பெரியம்மா தம்பி என்றுதான் கூப்பிட்டாள்.

"தம்பி, எங்கூடப் பொறந்தவன் உங்க மேல உசுரா இருக்கான். மெட்ராசுக்கு வாரேன்னு பெட்டியைக் கட்டிட்டான். அவன விட்டா எனக்கு நாதியில்ல. வீட்டோட இருடான்னு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

நடிகர் சிரித்தார். பையனுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். நெசவு என்றாள் பெரியம்மா. நான் சும்மா இருக்கவில்லை.

"மாமா நல்லாப் பாடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் இப்படி வீட்டை விட்டு ஓடி வந்தவன்தாம்மா. வரச் சொல்லுங்க. நம்ம கம்பெனியிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுக்கிறேன். பட்டினி கிடக்க விட மாட்டேன். பேரு என்னன்னு சொல்லுங்க, மேனேஜர்கிட்டச் சொல்லிடறேன்."

ரயில் வந்துவிட்டது. அது போகிற வரைக்கும் பேச முடியவில்லை. போன பிறகு அவர் மறுபடியும் பேர் கேட்டார். நான் வாயெடுத்தேன். அவள் கை என் தோளை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்தது. கேட் திறந்தது. ஓட்டுநருக்கு அவசரம். நடிகர் கும்பிட்டார், கார் போய்விட்டது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி நாலு தெருவுக்குக் கேட்கப் பேசுகிறவளுக்கு, வளர்த்த தம்பியின் பேர் அன்று வாயில் வரவில்லை.

சாயங்காலம் மாமா கசங்கிப் போய் வந்தார். கூட்டத்தில் செருப்பும் மாலையும் போய்விட்டன. நடிகரின் ஒரு கையைத்தான் பார்த்திருந்தார். அதற்குள் கேட்காரர் விஷயத்தை ஊரெல்லாம் பரப்பியிருந்தார். மாமா பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் என்ன சொன்னார் அக்கா என்று கெஞ்சினார். பெரியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அக்காவ விட்டுட்டு வாரவன் எனக்கு வேணாம், வீட்டப் பாத்துக்கிட்டுத் தறியில இருக்கச் சொல்லுங்கன்னாரு."

மாமாவின் கண்களில் நீர் வழிந்தது. முன்பின் தெரியாத என் மேல் எம்புட்டு அக்கறை பார்த்தாயா என்று எல்லோரிடமும் சொன்னார். அன்றே பெட்டியைப் பிரித்துவிட்டார். நடிகர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமா கடைசிவரை தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாவாடை கட்டிய பிள்ளையிடம் எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை.

அதிசயம் என்னவென்றால், அன்றோடு பெரியம்மா அந்த நடிகரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவருடைய அடுத்த படம் வந்தபோது மாமாவுக்கு அவளே காசு கொடுத்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு அவளும் வந்தாள். கிழவிக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவே சிரித்தது. கொட்டகையில் எல்லோரும் விசிலடித்தார்கள். மாமா கூடவே பாடினார். திரையில் நடிகரின் முகம் பெரிதாக வந்து எங்கள் பக்கம் பார்த்தபோது பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்தாள்.

வெட்கப்படுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அப்படியே நடித்துக் காட்டிச் சிரித்தேன்.