நாளை மேட்ச், நான் இரண்டு கட்சி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று ஒரே நாளில் இரண்டு ரக்பி அணிகளுக்குப் பரம ரசிகனாகிவிட்டேன். அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது.

மகளின் வளைகாப்புக்கு ஊருக்குப் போக லீவு வேண்டும். லீவு ஃபார்மில் எங்கள் சைட்டின் இரண்டு ஆஸ்திரேலிய மேனேஜர்களும் கையெழுத்துப் போட வேண்டும். கிரேக் குயின்ஸ்லாந்துக்காரர், டேவ் நியூ சவுத் வேல்ஸ்காரர். நாளை மதியம் இந்த இரண்டு மாநிலங்களுக்கும்தான் மேட்ச். ஒரு வாரமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

காலையில் கிரேக் பேனாவைத் திறந்துவிட்டு, "நீ யார் பக்கம்?" என்றார்.

"குயின்ஸ்லாந்துதான் சார், சின்ன வயசிலேர்ந்தே."

கையெழுத்து விழுந்தது.

மதியம் டேவும் அதையே கேட்டார்.

"நியூ சவுத் வேல்ஸ் சார். எங்க வீட்டுல எல்லாருமே."

மனிதர் நெகிழ்ந்துபோய், கையெழுத்தோடு தன் பழைய நீல ஜெர்ஸி ஒன்றையும் கொடுத்தார்.

கத்தாரில் இந்த ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட் சைட்டில் ரகசியம் தங்காது. என்னோடு வேலை பார்க்கும் தஞ்சாவூர் செல்வம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, நாளைக்கு கேன்டீன்ல பெரிய டிவி வைக்கிறாங்க. மேனேஜர் ரெண்டு பேருமே அவங்கவங்க பக்கத்துல உங்களுக்கு சீட் புடிச்சு வச்சிருக்காங்க. எங்க உக்காரப் போறீங்க?"

போகட்டும். வளைகாப்பன்று மகள் முன்னால் நான் நிற்பேன், அது போதும். எந்த சீட்டில் உட்கார்ந்தால் முழுசாக ஊர் போய்ச் சேரலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சற்று முன் ஃபார்மை ஆபீஸில் கொடுத்தேன். கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "எதுக்கு சார் ரெண்டு கையெழுத்து? போன மாசத்திலேர்ந்து ஒண்ணு போதுமே!"