ட்வீட்டரில் கேட்காத சலங்கை

எண்பதுகளில் குமாரபாளையத்தில் வீட்டை ஒட்டியே எங்கள் விசைத்தறி ஓடியது; நானும் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றதும் பழைய ஸ்டீரியோவில் பாட்டுப் போட்டுக் கண்மூடிக் கிடப்பேன். ஆற்றில் மல்லாந்து மிதப்பது போலிருக்கும். ஒரு வருஷம், எனக்குப் பிடித்த பாட்டில் வரும் சலங்கைச் சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் உச்ச ஸ்தாயி ஒலிகளை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்பும் கண்டென்சர் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். சேலத்தில் உயர்ந்த ரகமாக வாங்கிவந்து, இரண்டு பெட்டியிலும் நானே ஈயம் வைத்துப் பொருத்தினேன். அப்போதும் சலங்கை வரவில்லை. சத்தத்தைக் கூட்டினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, சலங்கை காதைக் கிழிக்குது. இன்னும் கூட்டறீங்களே?"

"உனக்குக் கேக்குதா?"

"கேக்காம என்னங்க? புதுசு மாட்டுனதுல இருந்து கணீர்னு இருக்குதுங்க."

சத்தத்தைக் குறைத்தேன். தறிச் சத்தத்தில் மங்கியிருந்தது என் காதுதான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

இப்போது நானும் தறி ஓட்டுபவர்களும் காதில் ரப்பர் அடைப்பான் வைக்காமல் தறியைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் சலங்கை வரும் இடத்தில், அவள் என் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டுகிறாள்.